ஒன்று கூடினால் சிக்கல், செட்டே கூடினால்?

கேள்வி: மனிதருக்கு ஒரு குரோமோசோம் கூடினாலே டவுன் சிண்ட்ரோம் வருகிறது. கோதுமையில் ஆறு செட் இருக்கிறதாம். அதற்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: செட் என்றால் குரோமோசோம் வகை ஒவ்வொன்றிலும் ஒன்று சேர்ந்த தொகுப்பு. மனிதருக்கு 23 வீதம் இரண்டு செட், மொத்தம் 46. ஆனால் எண்ணிக்கையை விடுங்கள், விகிதத்தைப் பாருங்கள். குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் சொல்கிறபடி உருவாகும் புரதங்கள் செல்லுக்குள் கூட்டுச் சேர்ந்துதான் வேலை செய்யும். கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் ஒன்றரை மடங்கு வந்து நின்றால் குழப்பம்தான். எல்லாருமே மூன்று மடங்கு வந்தால் விகிதம் அப்படியே இருக்கும். கோதுமையின் 42 குரோமோசோம்கள் மூன்று புல்லினங்களிலிருந்து முழு செட்டாகவே வந்து சேர்ந்தவை.

ஒற்றைக் குரோமோசோம் கூடினால் செடியும் தப்பாது. ஊமத்தையில் 12 ஜோடி. எந்த ஜோடியில் ஒன்று கூடுகிறதோ அதற்குத் தக்கபடி காயின் உருவமே மாறுவதை 1920-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீ காட்டினார். ஒன்றில் காய் உருண்டை, இன்னொன்றில் வேறு வடிவம். ஆனாலும் செடி பிழைத்துக்கொள்ளும். நம் உடம்பு அவ்வளவு தாங்காது. டவுன் சிண்ட்ரோமில் கூடுவது 21-ஆவது குரோமோசோம். அதில் மரபணுக்கள் மிகக் குறைவு, அதனால்தான் அது கூடினாலும் குழந்தை பிறந்து வளர முடிகிறது. 13, 18 கூடிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. எல்லாச் செல்லிலும் 16 கூடிய கரு பிறப்பு வரை வருவதே இல்லை. முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்கு இப்படிப்பட்ட எண்ணிக்கைக் கோளாறே காரணம். அதை அறியாமல் 'அன்றைக்கு மாடிப்படி ஏறினேனே' என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள்தான் எத்தனை பேர்!

இன்னொன்று. முழு செட் கூடினால் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். விதையில்லாத் தர்பூசணிக்கு மூன்று செட், 33 குரோமோசோம். கோல்கிசின் என்ற மருந்தால் 44 ஆக்கிய செடியையும் சாதாரண 22 செடியையும் இணைத்து அந்த விதையை எடுக்கிறார்கள். மூன்றை இரண்டாகச் சரியாகப் பங்குபோட முடியாததால், அதில் விளையும் பழத்துக்குள் விதை முற்றுவதில்லை. மனிதக் கருவில் மூன்று செட், அதாவது 69 வந்தால், விகிதம் சரியாக இருந்தும் அநேகமாகக் கலைந்துவிடும். சில மரபணுக்கள் அப்பாவிடமிருந்து வந்ததா, அம்மாவிடமிருந்து வந்ததா என்று நம் உடம்பு கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கு அங்கே தவறுகிறது.

கேள்வி: மூவர்ணப் பூனை என்றால் பெண்தான் என்கிறார்களே, எங்களுடையது ஆண்!

பதில்: இருக்கலாம், அபூர்வம். ஆரஞ்சு நிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆரஞ்சும் கறுப்பும் கலந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். பெண்ணுக்குத்தான் இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். உங்கள் பூனைக்கு 38-க்குப் பதில் 39, அதாவது எக்ஸ்எக்ஸ்ஒய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். குட்டி மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மனிதரில் இதுவே கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். பல ஆண்கள் குழந்தையின்மைக்குப் பரிசோதிக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

கேள்வி: இரண்டு முறை கரு கலைந்தபின் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 45 குரோமோசோம்தான் என்று வந்திருக்கிறது. நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? (வாசகி ஒருவர்)

பதில்: நன்றாகத்தான் இருக்கிறீர்கள், அம்மா. நான் ஆய்வகத்தில் சேர்ந்த காலத்தில், நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக ஒட்டுவோம். 45 வந்தால் காணாமல்போன துண்டு மேசைக்கடியில் விழுந்துவிட்டதா என்று முதலில் குனிந்து பார்ப்போம். அப்புறம் பார்த்தால் 14-இன் தலைமேல் 21 ஏறி உட்கார்ந்திருக்கும். உங்கள் அறிக்கையில் 'ராபர்ட்சோனியன்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, தேவையான மரபணு எதுவும் தொலையவில்லை என்று பொருள். கருமுட்டை உருவாகும்போதுதான் பங்கீடு தவறும். கரு கலைந்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

ஒட்டியவை 14-உம் 21-உம் என்றால், கர்ப்பகாலப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோம் தென்படும் வாய்ப்பு அம்மா வழியில் சுமார் 10 முதல் 15 சதவீதம். அப்பா வழியில் ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆரோக்கியமான குழந்தை பிறக்கும் வாய்ப்பும் தாராளமாக இருக்கிறது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். இது பெற்றோர் வழியாகவும் வந்திருக்கலாம் என்பதால், உடன்பிறந்தவர்களிடமும் சொல்லி அவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.