விளையாட்டு வீரர்களைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஒரு பிரபல வீரர் மேல் உயிரையே வைத்திருக்கிறான். அந்த வீரர் இப்போது ஒரு சர்ச்சையில் மாட்டிக்கொண்டார். அறையில் ஒட்டியிருக்கும் அவர் படத்தை எடுத்துவிடச் சொல்லலாமா? தொழில்முறை வீரர்களை முன்மாதிரியாகக் காட்டுவதே தவறா?

பதில்:

படத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் எடுக்கச் சொன்னால் சுவரிலிருந்து போகும், மனசில் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும். அதை அவனே முடிவு செய்யட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பல வருடங்களாகப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், வாலிபால் பயிற்சி தருகிறேன். "காசுக்கு ஆடுகிறவனைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?" என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

1993-ல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லி ஒரு ஷூ விளம்பரத்தில் வந்து, நான் யாருக்கும் முன்மாதிரி இல்லை, பெற்றோர்தான் அப்படி இருக்க வேண்டும், எனக்குப் பந்து போடத் தெரியும் என்பதற்காக உங்கள் பிள்ளையை நான் வளர்க்க வேண்டுமா என்ற பொருளில் பேசினார். அதே வருடம் இன்னொரு வீரரான கார்ல் மலோன் ஒரு பத்திரிகையில் அதற்குப் பதில் எழுதினார். முன்மாதிரியாக இருப்பதா வேண்டாமா என்பது நம் விருப்பத்தில் இல்லை, நம்மைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், நல்ல முன்மாதிரியா மோசமானதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது என்பது அவர் கட்சி. நான் மலோன் பக்கம். மைதானத்தில் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சர்வீஸ் சரியாகப் போடத் தெரியாது. ஆனால் சர்வீஸுக்கு முன்னால் பந்தைத் தட்டுவது, பாயிண்ட் எடுத்ததும் கையை ஆட்டுவது, தீர்ப்பு பிடிக்காவிட்டால் ரெஃப்ரியை முறைப்பது எல்லாம் அச்சு அசலாக வரும். யார் சொல்லிக்கொடுத்தது? டிவியில் பார்த்ததுதான். நல்லதும் கெட்டதும் ஒரே வழியாகத்தான் உள்ளே வருகிறது.

பிள்ளைகளை விடுங்கள், வளர்ந்தவர்களே அப்படித்தான். 2018-ல் கேப்டவுன் டெஸ்டில் பந்தை உப்புக்காகிதத்தால் தேய்த்த விவகாரம் நினைவிருக்கும். கேமராவில் சிக்கியது கேமரூன் பேங்க்ராஃப்ட், அணிக்குப் புதியவர். திட்டம் போட்டது துணை கேப்டன் டேவிட் வார்னர் என்று ஆஸ்திரேலிய வாரியத்தின் விசாரணை சொன்னது. கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மூத்தவர்கள் இருவருக்கும் ஒரு வருடத் தடை, இளையவருக்கு 9 மாதம். சர்வதேச ஆட்டம் வரை வந்த ஒருவரே மூத்தவர் சொன்னதை மறுக்க முடியாமல் போனார் என்றால், பதின்மூன்று வயதுப் பையன் தன் நாயகனைப் பார்த்து எவ்வளவு எடுத்துக்கொள்வான் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஒரு மழை நாளில் மைதானம் ஈரமாக இருந்ததால் பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்து இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா பற்றிச் சொன்னேன். 2012 டிசம்பரில் ஸ்பெயினில் நடந்த ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டம். முன்னால் ஓடிய கென்யாவின் ஆபெல் முத்தாய், அந்த வருடம்தான் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தவறாக நினைத்துச் சற்று முன்னதாகவே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஃபெர்னாண்டஸ் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. சைகை காட்டி முத்தாயை முன்னால் அனுப்பி, தான் இரண்டாவதாக வந்தார்.

கைதட்டினார்கள். அப்புறம் ஒரு பெண் எழுந்து, "சார், அவரோட கோச் என்ன சொன்னார்?" என்று கேட்டாள். மழுப்பாமல் உண்மையைச் சொன்னேன். அவருடைய கோச் மார்ட்டின் ஃபிஸ், 1995-ல் மாரத்தான் உலக சாம்பியன். தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்றுதான் அவர் சொன்னார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மணி அடிக்கும் வரை வாக்குவாதம். கேள்வி கேட்ட பெண் மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை.

அந்த சீசனிலேயே பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. மூன்றாவது செட், 13-14, எதிரணிக்கு மேட்ச் பாயிண்ட். அவர்கள் அடித்த ஸ்மாஷ், வலைக்கு மேல் கை நீட்டித் தடுத்த எங்கள் பிளாக்கைத் தாண்டி வெளியே விழுந்தது. லைன் அம்பயர் அவுட் காட்டினார், பாயிண்ட் எங்களுக்கு, 14-14. எங்கள் ஆட்கள் கத்திக் குதித்துக்கொண்டிருக்கும்போது அதே பெண் கையைத் தூக்கி, தன் விரல் நுனியைத் தொட்டுக் காட்டினாள். பந்து அவள் விரலில் பட்டுத்தான் வெளியே போயிருக்கிறது, அப்படிப் பட்டால் பாயிண்ட் அடித்த அணிக்கு. விதிப்படி ரெஃப்ரியிடம் கேப்டன்தான் பேச வேண்டும். இவள் வாயைத் திறக்கவே இல்லை. ரெஃப்ரி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பை மாற்றினார். 13-15. ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத காயம். ஒரு பெற்றோர் கோர்ட்டுக்குள்ளேயே வந்து, "விரல் பட்டதை யார் பார்த்தா? மத்த அஞ்சு பேரோட உழைப்பை நீ எப்படித் தூக்கிக் கொடுக்கலாம்?" என்று அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். அழுதுகொண்டே நின்றாள், ஆனால் "பட்டுச்சு அங்கிள்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று கேட்டது. ஆமாம் என்றேன். கோப்பை வரவில்லையே என்றார்கள். வரவில்லைதான். அந்தப் பிள்ளையை அடுத்த ஆட்டத்தில் உட்காரவைக்கச் சொன்னார்கள், நான் அவளை ஆட இறக்கினேன்.

2023-ல் உலக வாலிபால் சம்மேளனம் நேஷன்ஸ் லீக்கில் பச்சை அட்டை கொண்டுவந்தது. பந்து தன் மேல் பட்டது என்று வீரர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் ரெஃப்ரி பச்சை அட்டை காட்டுவார். அதிக அட்டை வாங்கும் அணிக்குப் பரிசுப் பணமும் அறிவித்தார்கள். நாட்டுக்காக ஆடுகிறவர்கள் உலகமே பார்க்கக் கையைத் தூக்கி ஒப்புக்கொள்கிறார்கள். அன்றைக்கு அந்த அட்டை இருந்திருந்தால், அதைக் காட்டியே அந்தப் பெற்றோரின் வாயை அடைத்திருப்பேன்.

"ஒரே ஒரு பெண்ணை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போடுகிறீர்களா? லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கை மறந்துவிட்டீர்களா?" என்று இங்கே சிலர் வருவார்கள். மறக்கவில்லை. அமெரிக்க சைக்கிள் வீரர், 1999 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஏழு பட்டங்கள், புற்றுநோயை வென்ற மனிதர், அவர் பெயரில் விற்ற மஞ்சள் கைப்பட்டையைக் கட்டாத பிள்ளையே இல்லை என்றிருந்த காலம் எனக்குத் தெரியும். 2012-ல் ஊக்கமருந்துக்காக ஏழையும் பறித்தார்கள். ஒரு மனிதரை முழுசாகத் தூக்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தால் இதுதான் நடக்கும். நான் மனிதரைக் கொடுப்பதில்லை, அவர் செய்த ஒரு காரியத்தைக் கொடுக்கிறேன். ஃபெர்னாண்டஸ் நாளைக்கு ஏதாவது தவறு செய்தாலும் அந்த ஓட்டத்தில் அவர் செய்தது சரியாகத்தான் இருக்கும்.

தலைமை என்ற வார்த்தையை வீரர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பவர்களுக்கு இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மார்க்கஸ் ராஷ்ஃபோர்டைச் சொல்வேன். 2020-ல் அவருக்கு 22 வயது. கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கூப்பன் கிடையாது என்று இங்கிலாந்தில் அரசு முடிவெடுத்திருந்தது. எம்.பி.க்களுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். சிறுவயதில் தன் வீடும் இலவச உணவை நம்பித்தான் இருந்தது என்பதை மறைக்கவில்லை. மறுநாளே அரசு பின்வாங்கியது. சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்கு அந்தக் கூப்பன் கிடைத்தது. பந்து உதைக்கிறவன் பந்தை மட்டும் உதைக்கட்டும் என்று அவருக்கும் அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீரர்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று பேசும் அதே பெரியவர்கள்தான் பரீட்சை வந்தால் முதலில் என் பீரியடைப் பிடுங்குகிறார்கள். கணக்குக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று. மைதானத்துக்கே விடாமல் வைத்துக்கொண்டு, தோற்கத் தெரியவில்லை, விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்வார்கள். தோற்கும் பழக்கம் வேறு எந்தப் பாடவேளையில் வரும்? எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், பதில் வந்ததில்லை.

சரி, உங்கள் மகன் விஷயம். அந்த வீரர் செய்ததாகச் சொல்லப்படுவது என்ன, அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று அவனிடம் கேளுங்கள். பதிலைத் திருத்தாமல் கடைசி வரை கேளுங்கள். அவன் விளையாடுகிறவனாக இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். அவனுடைய கோச் எப்படிப்பட்டவர் என்று நேரில் போய்ப் பாருங்கள். அணி தோற்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், தீர்ப்பு எதிராக வரும்போது அவர் ரெஃப்ரியிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அது சரியில்லை என்றால் முதலில் கோச்சை மாற்றுங்கள்.