பேண்ட் கலைந்துவிட்டது, பாட்டு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது நாலு பேர் சேர்ந்து தமிழில் சொந்தப் பாட்டு போடும் ராக் பேண்ட் ஆரம்பித்தோம். நான் பேஸ் கிட்டார்; பாட்டு வரிகளும் நான்தான் எழுதினேன். இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. டிரம்மர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், பாடகன் சென்னைக்கு. ரெக்கார்ட் பண்ணிய ஐந்து பாட்டு அப்படியே கிடக்கிறது. கிட்டார் வாசித்தவன் இப்போது அவற்றைத் தன் பெயரில் வெளியிடப் போகிறேன் என்கிறான். பொதுப் பணத்தில் வாங்கிய டிரம் செட் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது, அப்பா விற்கச் சொல்கிறார். இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் வேறு, ‘என்னாச்சு உன் பேண்டு?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, சொந்தக்காரர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். பாட்டு விஷயம்தான் அவசரம். உங்கள் நண்பர் அப்லோட் பண்ணிய பிறகு உட்கார்ந்து பேசினால் அது பேச்சாக இருக்காது.

நம் பதிப்புரிமைச் சட்டம் (1957) வரிகளைத் தனியாகவும், மெட்டைத் தனியாகவும், ரெக்கார்டிங்கைத் தனியாகவும் பார்க்கிறது. வரிகளை எழுதியது நீங்கள் என்றால் அவை உங்களுடையவை. எழுத்து மூலமாக நீங்கள் கொடுக்காத வரை இன்னொருவருக்குப் போகாது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மெட்டு, போட்டவருக்கு. ஆனால் ஜாமிங்கில், அதாவது எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பார்க்கும்போது பிறக்கிற மெட்டை யார் போட்டது என்று எப்படிச் சொல்வது? ஒருத்தர் கிட்டாரில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு) ஆரம்பிப்பார், பாடகர் ஏதோ முனகுவார், நீங்கள் கீழே பேஸில் ஒரு நோட்டை மாற்றியதும் மொத்தப் பாட்டும் வேறு பக்கம் திரும்பும். இன்னாருடைய பங்கு இது என்று பிரிக்கவே முடியாவிட்டால் அது கூட்டுப் படைப்பு.

ரெக்கார்டிங்கைப் பொறுத்தவரை, முன்கை எடுத்து, பொறுப்பேற்றுச் செய்தவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. ஸ்டூடியோ வாடகையை நாலு பேரும் பங்கு போட்டிருந்தால், கிட்டார் நண்பர் மட்டும் சொந்தம் கொண்டாடுவது கஷ்டம். ஜிபேயில் பணம் அனுப்பிய விவரம் இருக்கும், எடுத்து வையுங்கள். டிரம்மரையும் மறக்கவேண்டாம். மெட்டில் அவருக்குப் பங்கே இல்லை என்றாலும் வாசித்தவர் என்ற முறையில் நிகழ்த்துநர் உரிமை உண்டு, அது 50 வருஷம் நிற்கும். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வாசித்தது வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டியும் கேட்கலாம்.

‘ஐந்து பாட்டுக்கு இவ்வளவா?’ என்று தோன்றும். மான்செஸ்டரில் 1982-ல் தொடங்கிய ‘தி ஸ்மித்ஸ்’ பேண்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐந்தே வருஷம், 1987-ல் கலைந்தது. பாடகர் மோரிஸியும் கிட்டாரிஸ்ட் ஜானி மாரும் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு, பேஸுக்கும் டிரம்ஸுக்கும் பத்துப் பத்து கொடுத்து வந்தார்கள். எழுத்தில் தெளிவாக எதுவும் இல்லை. டிரம்மர் மைக் ஜாய்ஸ் கோர்ட்டுக்குப் போனார். ரெக்கார்டிங்கிலும் கச்சேரியிலும் வந்த லாபத்தில் நாலில் ஒரு பங்கு அவருக்கு உண்டு என்று 1996-ல் தீர்ப்பானது. பேண்ட் உயிரோடு இருந்த காலத்தைவிட வழக்கின் நிழல் நீளமாக விழுந்துவிட்டது. உங்கள் ஐந்து பாட்டில் காசு வருமா என்பது வேறு விஷயம் (வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்). நட்பு போகாமல் இருந்தால் சரி.

ஆகவே இந்த வாரமே நாலு பேரும் வீடியோ காலில் பேசுங்கள். பாட்டு வாரியாக வரிகள் யார், மெட்டு யார், யார் யார் வாசித்தது, வருகிற காசில் யாருக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டுகள் பேண்ட் பெயரிலேயே வரட்டும். அப்லோட் செய்கிற கணக்கு யாருடையதோ பணம் அவருக்குத்தான் போகும் என்பதால், அதை யார் வைத்திருப்பது என்பதையும் தாளில் சேருங்கள். கிட்டார் நண்பரையே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஐந்து பேரில் – மன்னிக்கவும், நாலு பேரில் – பாட்டு வெளியே வரவேண்டும் என்று இன்னமும் துடிக்கிறவர் அவர் ஒருத்தர்தானே!

கலைந்ததற்கு யார் காரணம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் அந்த வருத்தம் தெரிகிறது. வேலூரில் கல்லூரி கல்ச்சுரல்ஸ் முடிந்ததும் சொந்தப் பாட்டுக்கு மேடை எங்கே? கல்யாண ரிசப்ஷனும் கோயில் திருவிழாவும் மெல்லிசைக் குழுக்களுடைய இடம், அங்கே சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள், அதில் தப்பும் இல்லை. காட்பாடி ஜங்ஷன் பக்கத்திலேயே இருக்கிற ஊரில், ஆஃபர் லெட்டர் வந்த பையனைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. சண்டை போட்டுப் பிரியவில்லை, படிப்பு முடிந்து பிரிந்திருக்கிறீர்கள்.

டிரம் செட் விஷயத்தில் அப்பா சொல்வது சரி. வேலூர் வெயிலில் மொட்டை மாடி அறையில் கிடந்தால் டிரம் ஹெட்டும் மரமும் நாளாக நாளாகக் கெட்டுப்போகும். டிரம்மரிடம் முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பக்கத்துச் சர்ச் கொயரிலோ கல்லூரியிலோ விசாரியுங்கள், வாங்க ஆள் கிடைக்கும். சிம்பல்களை (அடித்தால் ஒலிக்கும் உலோகத் தட்டுகள்) தனியாக விற்காதீர்கள், மிச்சத்தை யாரும் தொடமாட்டார்கள். அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்காமல் இருக்க கிக் டிரம்முக்குள் போர்வை ஏதாவது அடைத்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். விற்ற பணத்தை நாலாகப் பிரித்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

சொந்தக்காரர்களா? பாட்டு வெளிவந்ததும் லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க மாமா’ என்று எழுதுங்கள். பாதிப் பேர் அதோடு உங்களை விட்டுவிடுவார்கள்.