கையெழுத்து போட்டாச்சுன்னா முடிஞ்சுதா?

கடிதம்:

வணக்கம் அக்கா. திருவனந்தபுரம் குழந்தை கேஸ், அதான் பொண்ணோட வீட்டாளுங்க ஒப்படைச்சு ஆந்திரா தம்பதிக்கு தத்து போன குழந்தைய பெத்தவ போராடி திருப்பி வாங்குனாளே, அத பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். பெத்தவ பக்கமே நிக்கிறீங்க. ஆந்திரா தம்பதி என்ன பாவம் பண்ணாங்க? மூணு மாசம் வளத்த பிள்ளைய திருப்பி வாங்கிட்டாங்களே. சம்மதம்னு கையெழுத்து போட்டுட்டு அப்புறம் மாத்தி பேசுனா எப்படி? எங்க சித்தி பொண்ணு தத்துக்கு பதிஞ்சு காத்திருக்கா, இதக் கேட்டு பயந்து போயிருக்கா.

வாசகி, திண்டுக்கல்

பதில்:

அந்த தம்பதி மேல ஒரு தப்பும் இல்லம்மா, முறைப்படி பதிஞ்சு வாங்குனவங்க. அவங்க வேதனைக்கு எந்த கோர்ட்டாலயும் பதில் சொல்ல முடியாது. ஆனா அதுக்கு காரணம் பெத்தவளா? தேதிய பாரு. குழந்தை பொறந்தது 2020 அக்டோபர்ல, சில நாள்லயே பொண்ணோட வீட்டாளுங்க கொண்டு போய் சிசுக்ஷேம சமிதில, அதான் கேரளாவோட குழந்தைகள் நல அமைப்புல, சேத்துட்டாங்க, 2021 ஏப்ரல்ல அவ போலீஸ்ல புகார் குடுத்துட்டா, எஃப்ஐஆர் போட்டது அக்டோபர்ல, நடுவுல ஆகஸ்ட்ல குழந்தை ஆந்திரா போயிடுச்சு. தாய் தேடிட்டு இருக்கான்னு தெரிஞ்சும் தத்து வேலை நிக்காம ஓடிருக்கு. கடைசில ஃபேமிலி கோர்ட் தத்துக்கான இறுதி உத்தரவு போடாம நிறுத்தி வச்சதாலதான் டிஎன்ஏ டெஸ்ட் வரைக்கும் வந்து, நவம்பர் 24ஆம் தேதி பிள்ளை தாய் கைக்கு போச்சு.

இப்ப கையெழுத்துக்கு வரேன். அவ சம்மதிச்சு கையெழுத்து போட்டான்னு அவளோட அப்பா தரப்பு சொல்லுது, ஏமாத்தி வாங்குனாங்கன்னு அவ சொல்றா. யார் சொல்றது நெசம்ங்கறத விடு, அமைப்பு மூலமா தத்து குடுக்கற இந்த வழில, வீட்டுக்குள்ள வாங்குன பேப்பர் சம்மதமே இல்ல. 2015 சிறார் நீதிச் சட்டப்படி பெத்தவங்களே குழந்தைகள் நலக் குழு (இது சமிதி இல்ல, சட்டப்படி அமைச்ச தனிக் குழு) முன்னாடி வந்து ஒப்படைப்பு பத்திரம் எழுதணும், அதுக்கு முன்ன கவுன்சிலிங், கல்யாணம் ஆனவங்கன்னா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும், ஆகாத தாய்னா அவ மட்டும் போதும். அப்புறமும் மனசு மாற 60 நாள் டைம் இருக்கு. மாத்தி பேசுனா எப்படின்னு கேக்குறியே, மாத்தி பேசட்டும்னுதான் அந்த 60 நாளே. பிரசவம் ஆன உடம்போட, வீட்ல ஆளாளுக்கு அதட்டிட்டு இருக்கறப்ப போடுற கையெழுத்த நம்ப முடியாதுன்னு சட்டத்துக்கே தெரியும். 1984லயே லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்குல சுப்ரீம் கோர்ட் இத பேசிடுச்சு.

வீட்டுக்குள்ள நடக்குற சுவீகாரம் வேற வழி, இந்து தத்தெடுப்புச் சட்டம் 1956. அதுலயும் 2011ல கீசாலால் கேஸ்ல, புருஷன் தத்தெடுக்கும்போது பொண்டாட்டி சபைல சும்மா உக்காந்திருந்தத வச்சு சம்மதம்னு எடுத்துக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம வீடுகள்ல எத்தன பேர் அப்படி சும்மா உக்காந்திருக்காங்கன்னு உனக்கு நான் சொல்லணுமா.

எனக்கு இருக்கற கவலை வேற. 2022 செப்டம்பர்ல இருந்து தத்து உத்தரவு போடுறது கோர்ட் இல்ல, கலெக்டர். வேகமா முடியும், சரி. ஆனா அன்னைக்கு ஃபேமிலி கோர்ட் நிறுத்துன மாதிரி ஆயிரம் ஃபைலுக்கு நடுவுல ஒரு கலெக்டர் நிறுத்தி கேப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்ல.

உன் சித்தி பொண்ணு கிட்ட சொல்லு, காராங்கற மத்திய அரசு தத்து அமைப்புல பதிஞ்சிருந்தா அப்படியே காத்திருக்கட்டும். பொறுமை போய் ஆஸ்பத்திரில யாரோ ஒரு நர்ஸ் சொல்றாங்கன்னு பணம் குடுத்து, பாண்டு பேப்பர்ல எழுதி குழந்தை வாங்குனாதான் உண்மையான ஆபத்து. சட்டத்துல அது குழந்தை விற்பனை, வாங்குனவங்களுக்கும் அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்.