பூட்டனையும் அவருடைய தம்பியையும் பழைய பத்திரங்களில் எப்படிப் பிரித்தறிவது?

இருவருக்கும் ஒரே தகப்பன், ஒரே ஊர், வயதிலும் சொற்ப வித்தியாசம்தான்; கிடைக்கிற தகவல் எவருடையது என்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சிக்கலில் நான் இரண்டு வருடம் கிடந்தேன்.

எங்கள் அப்பாச்சி (அப்பாவின் அம்மா) கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருந்த காலத்தில் அடிக்கடி சொல்வார்: "சின்னையா ரயில்வேயில கிளாக்கா இருந்தவர். கொட்டாஞ்சேனையில அறை எடுத்து இருந்தவர்." அப்பாச்சியின் தகப்பனுக்கு, அதாவது என் பூட்டனுக்கு, சின்னையா என்றுதான் பெயர். அதனால் பூட்டன் ரயில்வே கிளாக் என்று கொப்பியில் எழுதிவிட்டேன். மேல்பாதி கிழிந்த ரயில்வே பென்சன் கடிதம் ஒன்று வீட்டில் இருந்தது. 1961 என்று திகதி போட்டிருந்தது. அதையும் அவர் கணக்கிலேயே சேர்த்தேன்.

அப்பாச்சி காலமான பிறகு அவருடைய பெட்டியில் பூட்டனின் கல்வெட்டு கிடைத்தது. முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். அதில் இருந்த திதி வெண்பா, அதாவது இறந்த திதியைச் சொல்லும் பாட்டு, அவர் விளம்பி வருடம் ஆவணியில் காலமானதாகச் சொன்னது. விளம்பி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். 1898இல் பூட்டன் சிறுபிள்ளை, அப்படியானால் 1958தான். (ஏவிளம்பி 1957. அச்சு மங்கியிருந்தால் இரண்டும் மாறிப்போகும், கவனம்.) 1958இல் போனவருக்கு 1961இல் பென்சன் கடிதம் வர வழியில்லை.

அப்போதுதான் விளங்கியது. அந்தக் காலத்து மகள் தகப்பனைப் பெயர் சொல்லிப் பேசுவாளா? அப்பாச்சிக்குத் தகப்பன் "ஐயா". "சின்னையா" என்று அவர் சொன்னது தகப்பனின் தம்பியை. முறைச்சொல்லை நான் பெயராக எடுத்துக்கொண்டேன். ஆகவே யார் எதைச் சொன்னாலும், சொன்னவருக்கு அந்த ஆள் என்ன முறை என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

சரி, தம்பியின் உண்மையான பெயர்? அதைக் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், தந்தது. யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமைப்படி முதுசக் காணி (பெற்றோர்வழி வந்த காணி) சகோதரர்களுக்குப் பிரிகிறபோது துண்டுகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும். உறுதியில் நாலு எல்லையும் ஆட்களின் பெயரோடு எழுதியிருக்கும். பூட்டனின் உறுதியில் கிழக்கெல்லைக்காரர், அதே தகப்பன் பெயரோடு இன்னொருவர். பெயர் வேறு, ஆகவே அது பூட்டன் இல்லை. அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்வீட்டார் சீதனமாக எழுதிக் கொடுத்த சீதன உறுதிகளையும் விடாதீர்கள். தகப்பன் ஒன்றானாலும் மாமனார் வேறாக இருப்பார், அண்ணனும் தம்பியும் ஒரு வீட்டு அக்கா தங்கையைக் கட்டியிருந்தால் தவிர.

பேரப்பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் உதவும். தகப்பன்வழிப் பேரனார், அதாவது பாட்டனார், இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத அதில் ஒரு கூடு (கட்டம்) உண்டு. அந்த ஆண்டு அண்ணனையும் தம்பியையும் பிரித்துக் காட்டும். முதலெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதிய பத்திரத்தில் "எஸ்" என்றால் அது சண்முகமாகவும் இருக்கலாம், செல்லப்பாவாகவும் இருக்கலாம், சுப்பிரமணியமாகவும் இருக்கலாம்.

பூட்டனை மட்டும் தேடினால் கிடைப்பதெல்லாம் அவருடையதாகவே தெரியும், எனக்கு நடந்ததும் அதுதான். தம்பியையும் அதே அக்கறையோடு தேடுங்கள். இப்போது என்னிடம் மூன்று கோப்புகள் இருக்கின்றன: அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எவருடையது என்று முடிவாகாதவற்றுக்கு ஒன்று. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் வேட்டியும் கோட்டுமாக ஒருவர் நிற்கிற படம் இன்னும் அந்த மூன்றாவது கோப்பில்தான் இருக்கிறது.