பாக் விரிகுடாவில் ஓதம் ஏன் இவ்வளவு சிறியது?

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள இந்த விரிகுடாவின் கரையில் இருக்கிறது தொண்டி. மதுரையிலிருந்து அங்கே போய்க் கடலைப் பார்ப்பவர்களுக்கு எழும் கேள்வி இது. நிலா, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பால் கடல் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதே ஓதம். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் அது சுமார் 10 மீட்டர் வரை எழும். இங்கே ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை.

இலங்கையைச் சுற்றிய கடலிலேயே ஓதம் சிறியது. அதோடு, விரிகுடாவின் தெற்கு வாயிலை ராமர் பாலத்து மணல்திட்டுகள் மறிக்கின்றன. வடக்கே பாக் நீரிணையும் ஆழமற்றது. வாய்க்காலில் வெள்ளம் சட்டென்று ஏறினாலும், சிறிய மடை வழியே கண்மாய்க்குள் நீர்மட்டம் மெல்லத்தானே உயரும்? அப்படித்தான் இங்கும்.

விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இது முழுவதும் தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம்! எனக்கு இன்றும் வியப்பு தீராத செய்தி இது.

ஓதம் சிறியது என்பதால் இந்தக் கடல் ஆபத்தற்றது என்று பலர் நினைப்பது தவறு: ஆழமற்ற கடலில்தான் புயல் தள்ளும் நீர் உயர்ந்து எழும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததும் புயலால்தான்.