வேலை போனால் வீடு போய்விடுமா?

தேவகோட்டையில் இருந்து நியூ ஜெர்சிக்கு ஹெச்1பி விசாவில் வந்திருக்கும் தம்பி கேட்கிறார்: ஊர் வீட்டில் அப்பாவின் பங்கை விற்று முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் போட்டு இங்கே வீடு வாங்கலாமா? பொருளாதார மந்தம் வந்து வேலை போனால் அரசாங்கம் வீட்டைக் காப்பாற்றுமா?

தம்பி, அரசாங்கம் உதவும், ஆனால் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும். 2009இல் ஒபாமா அரசு கொண்டுவந்து 2016இல் முடிந்துபோன திட்டப்படி, தவணை வருமானத்தில் 31 சதவீதத்துக்குள் வரும்வரை வட்டியை 2 சதவீதம் வரை குறைக்க முடிந்தது, கடனை 40 வருஷத்துக்கு நீட்ட முடிந்தது. 30, 40 லட்சம் குடும்பங்களைக் காப்பாற்றுவோம் என்றார்கள். அந்தக் கணக்கை எட்டவே இல்லை. தவணை வசூலிக்கும் கம்பெனிகளை நம்பி விட்டதுதான் காரணம். கொடுத்த காகிதத்தையே மறுபடி மறுபடி கேட்டார்கள். மனு பரிசீலனையில் இருக்கும்போதே ஏல வேலையும் நடந்தது. எனக்குத் தெரிந்த குடும்பமே அப்படி வீட்டை இழந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2020இல் பரவாயில்லை. அரசு ஆதரவுள்ள கடன் என்றால், கொரோனாவால் கஷ்டம் என்று சொன்னாலே 180 நாள் தவணையை நிறுத்திவைத்தார்கள், கேட்டால் இன்னொரு 180 நாள். தள்ளுபடி இல்லை, பிறகு கட்டத்தான் வேண்டும். ஆனாலும் மூச்சு விட நேரம் கிடைத்தது.

கடன் கொடுத்தவனுக்கும் ஜப்தி லாபமில்லை என்று நம் ஊருக்குத் தெரியும். 1930களில் நெல் விலை விழுந்தபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் வைத்திருந்த, உழவர்களுக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கையில், கடனுக்கு ஈடாகச் சில வருஷத்திலேயே 25 சதவீதம் சேர்ந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம். வந்தது நிலமும் உழவர் பகையும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்த நிலமும் போனது. அதனால் வங்கியிடம் பேசக் கூச்சப்படாதீர்கள்.

ஒரு தவணை தவறும் முன்பே கூப்பிடுங்கள். அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் இதற்கு இலவசமாக உதவுவார்கள். இந்த உதவிக்கு முன்கூட்டியே கட்டணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். பொதுவாக 120 நாள் பாக்கி தாண்டாமல் ஜப்தி நடவடிக்கையைத் தொடங்க முடியாது. நியூ ஜெர்சியில் கோர்ட் வழியாகத்தான் வர வேண்டும், அதற்கும் காலம் பிடிக்கும்.

ஆனால் வேலை போனால் உங்கள் விசாவில் வேறு வேலை தேடவோ ஊருக்குக் கிளம்பவோ கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். இந்தச் சட்டங்கள் எதுவும் அதை நீட்டாது. கிரீன் கார்டு வரும்வரை வாடகையிலேயே இருங்கள், அப்பாவின் பங்கைத் தொடாதீர்கள். மீறி வாங்கினால், அப்புறம் ஊர் திரும்ப நேர்ந்தால், வீட்டை முறையாக விற்றுவிட்டுக் கிளம்புங்கள். சாவியைப் போட்டுவிட்டுப் போகலாம் என்பார்கள். ஆனால் ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் போதாவிட்டால், மீதியை வங்கி உங்களிடமே கேட்கலாம்.