‘வருமாம்’ எப்போது ‘வரும்’ ஆனது? வதந்தியின் மொழியை வகுப்பறையில் படிப்பது எப்படி

கேள்வி: குளச்சலை அடுத்த கடலோர ஊர் ஒன்றில் மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக இருக்கிறேன். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் கடல் சீற்றம், சுனாமி என்று வரும் செய்திகளால் பிள்ளைகள் இரவில் தூங்காமல் பள்ளிக்கு வருகிறார்கள். அண்மையில் வந்த ஒன்று: “அவசரம்!! நாளை இரவு 11 மணிக்கு நம்ம கடற்கரையில் 30 அடி அலை எழும். உறுதிப்படுத்தியுள்ளனர். உடனே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பவும்.” மொழியை வைத்தே பொய்ச் செய்தியைக் கண்டறிய முடியுமா? பதினொன்றாம் வகுப்பு மாணவர்களோடு இதை ஒரு சிறு ஆய்வாகச் செய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: மொழியை மட்டும் வைத்து ஒரு செய்தி பொய் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தச் சொல்லில் நின்று விசாரிக்க வேண்டும் என்பதை மொழி தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். தமிழாசிரியரான உங்களிடம் அதற்கு வேண்டிய கருவிகள் முன்பே இருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய செய்தியையே எடுத்துக்கொள்வோம். ‘நாளை’ என்பது சொல்லப்படும் நாளைப் பொறுத்துப் பொருள் மாறும் சொல். நேரில் பேசும்போது அதனால் குழப்பம் இல்லை. தேதியில்லாத செய்தியில் அது ஏறிக்கொண்டால், மூன்று ஆண்டு கழித்து வந்து சேர்ந்தாலும் அதே ‘நாளை’யாகவே நிற்கும். ‘நம்ம கடற்கரை’யும் அப்படித்தான், கடலூரில் படித்தால் கடலூர், குளச்சலில் படித்தால் குளச்சல். அடுத்து, ‘உறுதிப்படுத்தியுள்ளனர்’. யார்? எழுவாய் வெளிப்படாமல் நிற்கும் ‘தோன்றா எழுவாய்’ தமிழில் இயல்பானது. வினைமுற்றின் விகுதியே பலர் என்று காட்டிவிடுவதால் வாக்கியம் முழுமையாக ஒலிக்கிறது, செய்தியின் மூலம் காணாமற்போனதை வாசிப்பவர் கவனிப்பதில்லை. மாணவர்கள் எழுவாயைத் தேடிப் பழகினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தச் செய்தியில் இல்லாத ஓர் இடைச்சொல். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது தமிழர் தம்மை அறியாமலே ‘ஆம்’ சேர்க்கிறோம்: ‘அலை வருமாம்’, ‘கடலுக்குப் போகக் கூடாதாம்’. நான் கண்டதல்ல, கேட்டது என்ற நேர்மை அந்தச் சிறு விகுதிக்குள் இருக்கிறது. மீன் சந்தையில் ஒருவர் ‘வருமாம்’ என்றால், ‘யார் சொன்னது?’ என்று அடுத்தவர் உடனே கேட்பார். அதே பேச்சைத் தட்டச்சு செய்யும்போது, எழுத்துத் தமிழின் இறுக்கத்தில் ‘ஆம்’ உதிர்ந்து ‘வரும்’ ஆகிறது. ஃபார்வர்டு செய்பவரோ அதைத் திரும்பச் சேர்ப்பதில்லை. இப்படிப் பரப்புவோரில் பலருக்கு ஏமாற்றும் எண்ணமே இராது. தவறென்று அறியாமல் பகிர்வதையும், பொய்யென்று அறிந்தே எழுதுவதையும் ஆய்வாளர்கள் தனித்தனியாகப் பிரிப்பதற்குக் காரணம் இதுதான்.

உண்மையான எச்சரிக்கையை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு விடுக்கும் உயர் அலை எச்சரிக்கையில் ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்று இட எல்லை இருக்கும். தொடங்கும் தேதியும் மணியும், முடியும் தேதியும் மணியும் இருக்கும். அலை உயரம் மீட்டரில், இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று தசமப் புள்ளியோடு இருக்கும். அறிவியலாளரின் மொழி ‘எழும்’ என்று அடித்துச் சொல்லாமல் ‘எழக்கூடும்’ என்றே சொல்லும். மேலும், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ உருவாகி, இங்கே காற்றோ மழையோ இல்லாதபோதும் கரையேறும் அலைகளைக் ‘கள்ளக்கடல்’ என்று கடலோர மக்களின் சொல்லாலேயே அந்த எச்சரிக்கைகள் குறிக்கின்றன. சுனாமியைப் பொறுத்தவரை, கடலடி நிலநடுக்கம் பதிவான பிறகே எச்சரிக்கை எழும்; ‘நாளை இரவு 11 மணி’ என்று முன்னறிவிக்க யாராலும் இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ‘உறுதியாகச் சொன்னால் பொய், தயங்கிச் சொன்னால் உண்மை’ என்று மாணவர்கள் சூத்திரம் கட்டிவிடக் கூடாது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர் ஜேசன் பிளேர், செய்திகளைப் புனைந்து எழுதியது அம்பலமாகி 2003-இல் பதவி விலகினார். அவருடைய உண்மைச் செய்திகளையும் புனைந்த செய்திகளையும் ஜேக் கிரீவ், ஹெலனா உட்ஃபீல்ட் என்ற மொழியியலாளர்கள் ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், புனைந்தவற்றில்தான் தகவல் செறிவும் உறுதித் தொனியும் குறைவாக இருந்தன. நம் ஃபார்வர்டுகளிலோ உறுதித் தொனியைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிர். ஆகவே அடையாளங்கள் மொழிக்கு மொழி, வகைக்கு வகை மாறும். ஆனால் அவர்களுடைய முறை நமக்கும் பொருந்தும். ஒரே ஆள், ஒரே பத்திரிகை, உண்மையும் பொய்யும் அருகருகே என்று அவர்கள் ஒப்பிட்டார்கள். நீங்களும் பொய்ச் செய்திகளை மட்டும் திரட்டாமல், கடல் என்ற ஒரே பொருளில் சரிபார்க்கப்பட்ட உண்மை எச்சரிக்கைகளையும் அதே எண்ணிக்கையில் திரட்டுங்கள். இருபது இருபதாக இருந்தால் ஒரு வகுப்புக்குப் போதும்.

பெயர்களையும் தொலைபேசி எண்களையும் முதலிலேயே அழித்துவிடுங்கள். எது உண்மை, எது பொய் என்பதை மொழியைப் பார்க்கும் முன்பே வெளிச் சான்றால் முடிவு செய்து தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நடையைப் பார்த்துப் பொய் என்று முடிவு கட்டி, அந்த முடிவையே நடைக்குச் சான்றாகக் காட்டும் தவறு நேரும். பிறகு ஒவ்வொரு செய்திக்கும் எழுவாய் உண்டா, தேதி உண்டா, இடப்பெயர் உண்டா, பிறர் சொல்லக் கேட்டது என்று காட்டும் ‘ஆம்’ போன்ற சொல் உண்டா, பகிரச் சொல்லும் ஏவல் உண்டா என்று எண்ணச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அதையும் குறிக்கலாம். குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி அது.

2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலையும் கண்ட ஊர்களின் பிள்ளைகள் இவர்கள். எல்லா எச்சரிக்கையும் வதந்தி என்று அவர்கள் எண்ணத் தொடங்கினால், அந்த ஆய்வு நன்மையைவிடத் தீமையே செய்யும். அதனால் முதல் வகுப்பைப் பொய்ச் செய்தியில் தொடங்காதீர்கள். ஓர் உண்மை எச்சரிக்கையைக் கரும்பலகையில் எழுதி, கடலுக்குப் போகும் அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வாய் என்று வீட்டுப் பேச்சில் ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை பேர் ‘ஆம்’ சேர்க்கிறார்கள், எத்தனை பேர் யார் சொன்னது என்பதையும் சேர்க்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துவையுங்கள். அதுவே உங்கள் ஆய்வின் முதல் தரவு.